தொண்ணூற்று மூன்று கிலோ இருநூறு

நீதான் சொல்லாமல் விட்டாய். தராசை மாற்றி வைத்தவன் நீ, மாற்றியதைச் சொல்லாமல் விட்டவனும் நீ, தினம் காலையில் நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதன் மேல் ஏறி நிற்பதை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டே பார்த்தவனும் நீ. ஒரு பேச்சு. அண்ணே, அதுல ஏறாதே, அது வாங்குற தராசு, தையிலேயே மாத்தியாச்சு. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? காலையில் நம் மண்டியில் எண்பத்தேழரை. அந்த எண்ணை மடியில் கட்டிக்கொண்டு வருகிறவன் மாதிரி உசிலம்பட்டியில் பஸ் ஏறினேன். மதுரையில் இந்த ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில், சுவரோரம் கிடக்கிற ஒரு கண்ணாடிப் பலகை, உள்ளங்கை கனம்கூட இல்லை, அது சொல்கிறது தொண்ணூற்று மூன்று கிலோ இருநூறு என்று. இறங்கினேன். மறுபடி ஏறினேன். நர்ஸ் பிள்ளை சிரித்தது. "எத்தனை தடவை ஏறுனாலும் அதேதாம்ப்பா காட்டும்." வேட்டி, சட்டை, பெல்ட்டு, இடுப்பில் சாவிக்கொத்து, இதுக்கெல்லாம் ஒரு ரெண்டு கிலோ கழிச்சுக்கம்மா என்றேன். சாக்குக்குக் கழிக்கிறோமே, அந்த ஞாபகம். "இது என்ன சந்தையா, கழிவு போடறதுக்கு?" சந்தையில்லாத இடம் எங்கம்மா இருக்கு என்றேன். "சரி, சாவியைக் கழட்டி வச்சிட்டு ஏறுங்க, பாத்துருவோம்." கழற்றினேன். பெல்ட்டையும் கழற்றினேன். நூறு கிராம், இருநூறு கிராம் ஆடியது, அவ்வளவுதான். நாற்பது வருஷமாக அடுத்தவன் மூட்டையைத் தராசில் ஏற்றி, அடுத்தவன் முகம் சுருங்குவதைப் பார்த்தவன் நான். இன்றைக்கு மூட்டை நான். பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டி நழுவ, ஒரு சின்னப் பிள்ளைக்கு முன்னால் நின்றேன். அந்தப் பிள்ளை என்ன செய்யும், எழுதிக்கொண்டது. நின்றபடியே உன் முகம்தான் ஞாபகம் வந்தது. பல் குத்துகிற முகம்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒச்சம்மா படுத்திருக்கிறாள். நம் ஒச்சம்மாதான், வேறு யார். எனக்குத் தங்கச்சி, உனக்கு அக்கா. பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், இரண்டு மணிக்கு விடுவார்கள், வாரத்தில் மூன்று நாள் இதுதான், அவளுடைய ரத்தம் ஒரு குழாயில் வெளியே வந்து மெஷினைச் சுற்றிவிட்டு இன்னொரு குழாயில் உள்ளே போகும். இங்கிருந்து பார்த்தால் அவள் காலும் மெஷினின் முதுகும்தான் தெரிகிறது. கால் வீங்கியிருக்கிறது. மெட்டி இறுக்குகிறது என்று போன மாதமே கழற்றிவிட்டாள். அவளுக்கு ஒரு கிட்னி வேணும், சொந்தத்தில் யாராவது கொடுக்கணும். அவள் புருஷனுக்கு ரத்தம் சேரவில்லை. பிள்ளைக்குப் பதினாறு வயசு, அதனிடம் எடுக்க மாட்டார்கள். சேர்ந்தது இரண்டே பேருக்கு, எனக்கும் உனக்கும். கார்த்திகையில் டாக்டர் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா உனக்கு? எனக்கு இருக்கிறது, அவர் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டு முதற்கொண்டு. "பெரியவர் நூத்தி நாலு கிலோ இருக்கீங்க. இந்த எடையில உங்களை அறுத்தா உங்களுக்கும் ஆபத்து. எண்பத்தேழுக்கு வந்தா எடுத்துக்கலாம். தம்பி அறுபத்திரண்டு. இவரை நாளைக்கே ஆரம்பிக்கலாம்." நாளைக்கே. நீ தலையாட்டினாய். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாய். செக்கானூரணி தாண்டும்போது, என்னைப் பார்க்காமல், வெளியே ஓடுகிற மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "நீதான் இருக்கேல்லண்ணே. நீ கொறச்சா முடிஞ்சுச்சு." அப்புறம் வீட்டுக்குப் போய் உன் மாமியார் பேச்சு, உன் பொண்டாட்டி அழுகை, இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளணும் என்கிற கதை. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? கத்தத் தெரியாதவனா நான்? லாரிக்காரனைக் கத்துவேன், தரகனைக் கத்துவேன், உன் அண்ணி பவுன்தாய் சொல்வாள், உங்க அண்ணன் தொண்டையைத் திறந்தா மண்டியில புறா பறக்கும்னு. அன்றைக்கு மட்டும் கத்தவில்லை. ஒரு சவால் மாதிரி எடுத்துக்கொண்டேன். பதினேழு கிலோதானே. பதினேழு கிலோவை இறக்க முடியாதா என்னால்? எந்த விலையை நான் இறக்கவில்லை?

அந்தப் பட்டியலை நீ பார்த்திருக்கிறாய், மண்டிச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். பெனிட்டா என்று ஒரு பெண், சாப்பாட்டு யோசனை சொல்வதற்கென்றே இந்த ஆஸ்பத்திரியில் ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறது, படம் போட்டு வழவழவென்று ஒரு தாள் கொடுத்தது. கொள்ளு. கேழ்வரகுக் கூழ். நீர்மோர். முருங்கைக்கீரை. தட்டைப்பயறு அவித்தது. சுரைக்காய், வாழைத்தண்டு, வெள்ளரிக்காய், கொய்யா. தினம் ஒரு அவித்த முட்டை. நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் சாப்பாடு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. "இதாம்மா சாப்பாடா?" "இதுதாங்கய்யா. உங்க ஊர்ல கிடைக்கறதாப் பாத்துத்தான் போட்டிருக்கேன்." கிடைக்கிறதா! எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் ஆத்திரம் வந்தது, எது முதலில் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. அந்தத் தாளில் இருந்தது என்ன தெரியுமா உனக்கு? நீ பிறப்பதற்கு முன்னால் நம் வீடு. அப்படியே படம் பிடித்துப் போட்டிருந்தது. சந்தை முடிந்து வண்டிகள் போன பிறகு நானும் ஒச்சம்மாவும் குனிந்து குனிந்து பொறுக்குவோம், சிந்தின கொள்ளு, மண்ணோடு, சாணியோடு. அவளுக்கு அப்போது ஆறு வயசு, சின்ன விரல், கல் இடுக்கில் கிடப்பதையும் எடுத்துவிடுவாள். அதை அலசி அவித்து ஒரே சட்டியில் கை போடுவோம். காலையில் கூழ், அதுவும் தண்ணீரா கூழா என்று தெரியாது. வேலியில் முளைத்த கீரை, யார் வேலி என்று கேட்கக்கூடாது. வாயு பிடித்து வயிறு கல்லாகிவிடும், அவள் என் முதுகில் குத்துவாள், நான் அவள் முதுகில் குத்துவேன். அந்தச் சட்டியிலிருந்து வெளியே வருவதற்குத்தான் பதினோரு வயசில் சந்தையில் சிப்பம் சிப்பமாக மூட்டை தூக்கினேன். நீ பிறந்த வருஷம் முதல் முதலாக ஒரு மூட்டை நெல்லரிசி வீட்டுக்குள் வந்தது, என் தோளில் வந்தது. நீ அந்தச் சட்டியில் கை வைத்ததே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், என் தொப்பை தொப்பை இல்லை, அது நான் அந்தத் தாளை விட்டு எவ்வளவு தூரம் ஓடி வந்தேன் என்பதற்கு அளவு. வெள்ளைச் சோறு, நெய், வாரத்தில் நான்கு நாள் கறி, தட்டில் மிச்சம் வைத்ததே இல்லை நான். இப்போது ஒரு பிள்ளை கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு சொல்கிறது, ஐயா, திரும்பிப் போங்க. நான் விடுவேனா, பேரம் பேசினேன். காலையில் நாலு இட்லி என்றேன். "ரெண்டு." மூணு. "ரெண்டு, வேணும்னா சாம்பார்ல காய் நிறையப் போட்டுக்கங்க." மத்தியானம் சோறு? "ஒரு கப்." கப்பு எந்த அளவும்மா, எங்க ஊர்ல கப்புன்னா சொம்பு. அந்தப் பெண் ஒரு டம்ளரை எடுத்து மேசையில் வைத்தது. நாற்பது வருஷத்தில் என்னிடம் விலையே இறங்காத ஒரே ஆள் அந்தப் பெண்தான். போகும்போது ஒன்று சொன்னது. "எதுவும் கொழுப்பைக் கரைக்காதுங்கய்யா. கொள்ளும் கரைக்காது. இதெல்லாம் வயிறு நெறைஞ்ச மாதிரி வைக்கும், நீங்க கம்மியாச் சாப்பிடுவீங்க. அவ்வளவுதான். வாரத்துக்கு அரைக் கிலோ, அதுக்கு மேல ஆசைப்படாதீங்க." அரைக் கிலோ. அந்த வார்த்தையை நான் ஏன் மறந்தேன்?

மறந்தேனா? இதில்தான் வந்து மாட்டிக்கொள்கிறேன், காலையிலிருந்து நான்காவது தடவை. கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் தராசு சரியாகத்தான் இருந்தது. நூற்று நான்கு, நூற்று மூன்று, நூற்று ஒன்றரை, தொண்ணூற்றொன்பது. பசியில் கண் இருட்டும், மண்டியில் மொச்சை வாசனைக்கே நாக்கு ஊறும், கணக்கன் டீயோடு பன் தின்றால் அவன் வாயையே பார்ப்பேன். அப்புறம் தை. அறுப்பு வந்தது, கொள்ளு வண்டி வண்டியாக வந்தது, ஒருநாள் காலையில் ஏறுகிறேன், தொண்ணூற்று மூன்று. முந்தின நாள் தொண்ணூற்றொன்பது, இன்றைக்குத் தொண்ணூற்று மூன்று. எவனுக்காவது சந்தேகம் வரணுமா வேண்டாமா? வருஷா வருஷம் தை பிறந்தால் வாங்குகிற தராசை நூற்றுக்கு ஆறு குறைத்துக் காட்டும்படி மாற்றுவது யார் வழக்கம்? என் வழக்கம். மெக்கானிக்கைக் கூட்டி வந்து, எந்தத் திருகு எவ்வளவு என்று உனக்குக் காட்டிக் கொடுத்தது யார்? நான். இந்த வருஷம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் உன்னிடம் விட்டேன், நீ கேட்காமலே செய்தாய், நல்ல பிள்ளை. நான் தராசிலிருந்து இறங்கி என்ன செய்தேன்? கத்தினேன். ஆறு கிலோடா! கொள்ளு ரசம்டா! ஒரே நாள்ல! மண்டியே கூடிவிட்டது. சீரகம் எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள், பக்கத்துக் கடை வெல்லக்காரர் தன் சம்பந்திக்குச் சொல்லி, அவர் போடிக்குச் சொல்லி, ஒரு வாரம் வருகிறவனெல்லாம் மொக்கராசு அண்ணன் தின்ன கொள்ளு குடுங்க என்று கேட்டு வாங்கிப் போனான். நீயும் அளந்து போட்டாய். சிரித்துக்கொண்டே அளந்து போட்டாய். அன்றைக்கு எடையாள் சுருளி மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்று சாக்குத் தைக்கிற ஊசியைக் கோத்துக்கொண்டிருந்தான், நான் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். பார்த்தேன். நான் அவன் குனிந்ததைப் பார்த்தேன். ஏன்டா சுருளி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்கவில்லை. ஆயிரம் விவசாயி அந்தத் தராசுக்கு எதிரில் நின்று, மூட்டை வீட்டில் இத்தனை இருந்ததே என்று மனசுக்குள் முனகிவிட்டு, வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறான். அவனுக்காவது விற்றாகணும் என்று ஒரு கட்டாயம். எனக்கு என்ன?

எனக்குப் பயம். சொல்லிவிடுகிறேன், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது, நீயும் அதே பயத்தில்தான் ஓடினாய். மாசியில் ஒருநாள் இங்கே வந்தபோது, சர்ஜன் சட்டையைத் தூக்கச் சொல்லி, என் விலாவுக்குக் கீழே விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். இங்கேதான், இவ்வளவுதான், நாலு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம் என்றார். எடையை நான் வாயால் சொன்னதை வைத்தே எழுதிக்கொண்டார். விரல் ஜில்லென்று இருந்தது. கோடு போன இடம் வெளியே வந்த பிறகும் குளிர்ந்தபடியே இருந்தது. நான் கீழே இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிரே இருக்கிற புரோட்டாக் கடைக்குள் போனேன். கால்தான் போனது என்று சொல்லமாட்டேன், நான்தான் போனேன். ஆறு புரோட்டா, சால்னா, மறுபடி நான்கு, ஒரு தட்டு சுக்கா. அழுதுகொண்டே தின்றேன், காரம் என்று சப்ளையர் நினைத்துத் தண்ணீர் வைத்தான். ஒச்சம்மா மேலே மெஷினில் இருந்தாள். நான் கீழே, அவளுக்காகக் குறைக்க வேண்டிய ஒவ்வொரு பிடியையும் திரும்ப என் உடம்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இந்த உடம்பு குண்டாக இருக்கிற வரைக்கும் எவனும் கோடு போட்ட இடத்தில் கத்தி வைக்க மாட்டான். அந்த நினைப்பு வந்தது, நான் வரவழைக்கவில்லை, வந்தது. மறுநாள் காலையில் தராசில் ஏறினேன், தொண்ணூறு என்று காட்டியது. அப்பாடா என்று இருந்தது. தின்றதும் கணக்கில் இல்லை, பயந்ததும் கணக்கில் இல்லை, எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அது சொன்னது, நான் கேட்டுக்கொண்டேன். பொய் சொல்கிற தராசு எவ்வளவு இதமானது என்று அதன் மேல் ஏறி நின்றால்தான் தெரிகிறது. இப்போதும் கீழே கேன்டீனில் வடை போடுகிறார்கள், எண்ணெய் வாசனை படியேறி வருகிறது. என் டப்பாவில் பவுன்தாய் வைத்துக் கொடுத்த வெள்ளரிக்காயும் அவித்த பயறும் இருக்கிறது, வெள்ளரிக்காய் வெயிலில் வாடி ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. மென்றுகொண்டிருக்கிறேன். மெல்ல மெல்ல ஆத்திரம்தான் ஊறுகிறது, எச்சில் ஊறவில்லை.

சற்று முன்னால் டாக்டர் வெளியே வந்தார். என் எடைச் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எண்பத்தொன்பதுக்கு முடிச்சுக்கலாம் சார், நானே கையெழுத்துப் போட்டுத் தாரேன், எனக்கு ஏதாச்சும் ஆனா என் பொறுப்பு என்றேன். "நீங்க எண்பத்தொன்பதும் இல்லையே மொக்கராசு." அவர் பக்கத்தில் உட்கார்ந்தார், டாக்டர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் நல்லதுக்கு இல்லை என்று இந்த ஐந்து மாதத்தில் கற்றுக்கொண்டேன். "நீங்க பதினோரு கிலோ உண்மையாவே குறைச்சிருக்கீங்க. சின்ன விஷயமில்லை. ஆனா இன்னும் ஆறு கிலோவுக்கு உங்களுக்கு மூணு மாசம் வேணும். அந்தம்மாவுக்குக் கையில ஊசி போடற நரம்பு அடைஞ்சுக்கிட்டே வருது. ஆறு வாரம் தள்ளலாம். அதுக்கு மேல சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்தத் தம்பி என்ன ஆனாரு?" அந்தத் தம்பி என்ன ஆனாரு. அந்தத் தம்பி இந்நேரம் மண்டியில் மத்தியானச் சோற்றுக்கு இலை போட்டிருப்பார், குழம்பில் எண்ணெய் மிதக்கும், இரண்டு தடவை சோறு வாங்குவார், ஒரு கிராம் ஏறாது. பட்டினி கிடந்தால் ஆறே வாரத்தில் இறக்கிவிடுவேன் சார் என்றேன். "பட்டினி கிடந்தா உங்க கிட்னியையே நான் எடுக்க மாட்டேன்" என்றார். எழுந்து போய்விட்டார். நான்கு தடவை உனக்கு போன் போட்டேன். அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. எடுக்காத போன் அடிக்கும்போது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

இரண்டு மணிக்கு அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, ஆனாலும் வந்ததும் என் வயிற்றைத்தான் பார்த்தாள். "என்னண்ணே, மூஞ்சியைத் தொங்கப் போட்டுருக்க? வடை வாசம் தாங்கலையா?" சும்மா இருடி என்றேன். "தொப்பை போயி நீ புது மாப்பிள்ளையாட்டம் இருக்க. அண்ணியை எச்சரிக்கையா இருக்கச் சொல்லணும்." சிரித்தாள், சிரிப்பு பாதியில் மூச்சுக்கு நின்றது. அப்புறம் குரலை இறக்கினாள். "எவ்வளவு காட்டுச்சு?" எத்தனை ஆயிரம் தடவை இந்தக் கேள்விக்கு நான் முகம் மாறாமல் பொய் சொல்லியிருப்பேன். எதிரே நிற்கிறவன் வீட்டில் கல்யாணம் என்று தெரிந்தும் சொல்லியிருப்பேன். வாய் திறந்தேன். எண்பத்தேழு என்று சொன்னால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவாள். தொண்ணூற்று மூன்று என்றேன். "தொண்ணூத்தி மூணா? எண்பத்தேழுன்னியே?" நம்ம தராசு தப்புடி என்றேன். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த மண்டியில் அவளும் சாக்குத் தைத்தவள்தான், அவளுக்குத் தெரியாததா. ஒன்றே ஒன்று சொன்னாள். "தம்பிய ஒண்ணும் சொல்லிறாதண்ணே. பயந்த பய. சின்னதுல இருந்தே ஊசின்னா என் முந்தானைக்குள்ளதான் வந்து ஒளிவான்." சாகக் கிடக்கிறவள் உனக்கு முந்தானையைத் தூக்கிப் பிடிக்கிறாள். கேட்கிறதா உனக்கு?

அதனால் நான் சொல்கிறேன், போனை நீ எடுத்தாலும் இதுதான், எடுக்காவிட்டால் மண்டிக்கே வந்து நடு வாசலில் நின்று சொல்லப்போவதும் இதுதான். தராசு விஷயத்தில் உன்மேல் பாதிதான் குற்றம், மீதி என்னுடையது. சுருளிக்கு போன் போட்டு இன்றைக்கே அந்தத் திருகைச் சரி பண்ணச் சொல்லிவிட்டேன், அது என் பாடு. நான் பயந்தேன், தின்றேன், பொய் எண்ணை நம்பினேன், அதையும் நானே வைத்துக்கொள்கிறேன். ஆனால் பதினோரு கிலோ என் உடம்பிலிருந்து போயிருக்கிறது, அந்தச் சட்டிக்குத் திரும்பிப் போய் அதே கொள்ளை அதே கூழைத் தின்று போயிருக்கிறது. நீ என்ன கொடுத்தாய்? ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பேச்சு கொடுத்தாய், நீதான் இருக்கேல்லண்ணே என்று. நான் போதவில்லை. இன்னும் ஆறு கிலோ பாக்கி, அதற்கு மூன்று மாதம் வேணும், அவளுக்கு இருப்பது ஆறு வாரம். மாமியாரைக் கேட்காதே. நல்ல நாள் பார்க்காதே. அண்ணன் பேசிச் சமாளித்துக்கொள்வான் என்று இருக்காதே, பேசிப் பார்த்துவிட்டேன், இறங்கவில்லை. பயமாக இருந்தால் இருக்கட்டும், நானும் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுகிறேன். நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸைப் பிடி. எட்டு மணிக்கு ரத்தம் எடுப்பார்கள். இங்கே இரண்டாம் மாடியில், கண்ணாடிக்கு முன்னால் நிற்பேன். ராத்திரியோடு நிறுத்திக்கொள். வெறும் வயிற்றோடு வா.